காலிமுகத்திடலுக்கு முன்னும் பின்னும்: வலைத்தளங்கள் மக்களைக் கூட்டின, முடிவை யார் எடுத்தார்கள்?

2022 ஜூலை 20 அன்று இலங்கைப் பாராளுமன்றம் புதிய ஜனாதிபதியைத் தெரிவுசெய்தது. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134 வாக்குகள், டலஸ் அழகப்பெருமவுக்கு 82. மூன்றாவதாக நின்ற அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தவை 3. அதற்குப் பதினொரு நாள் முன்னர்தான் பெருந்திரளான மக்கள் கொழும்புக்குள் திரண்டு ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்திருந்தார்கள். கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டு ஓடி, சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் பதவி விலகியிருந்தார். அவ்வளவு பெரிய எழுச்சியின் முடிவில் ஜனாதிபதி ஆனவர், 2020 பொதுத் தேர்தலில் சொந்த ஆசனத்தையே இழந்து, கட்சிக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப் பட்டியல் இடத்தின் வழியாகப் பாராளுமன்றம் வந்தவர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டெம்பர் 21 இல் மக்களே வாக்களித்தபோது அதே அநுர 42.31 வீதம் பெற்று ஜனாதிபதியானார். 2019 இல் அவர் பெற்றிருந்தது 3.16 வீதம்தான்.

'முகநூல்தான் கோட்டாவை அனுப்பியது, முகநூல்தான் அநுரவைக் கொண்டுவந்தது' என்று இந்தக் கதையை ஒரே வரியில் சொல்லிவிடுவோர் பலர். அதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைப் பிரித்துப் பார்ப்பது தமிழர்களாகிய நமக்கு முக்கியம். ஏனென்றால் அந்த வலைப்பின்னலின் நல்லதையும் கெட்டதையும், அதைவிட மோசமான அதன் மௌனத்தையும் நாம் அனுபவித்திருக்கிறோம்.

முதலில் கெட்டதைச் சொல்லிவிடலாம், காலவரிசையிலும் அதுதான் முந்தியது. 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், உண்பவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையை உணவில் கலக்கிறார்கள் என்ற வதந்தி வெடித்தது. அப்படியொரு மாத்திரை உலகில் எங்குமே இல்லை. ஆனாலும் உணவகக்காரர் மிரட்டப்பட்டு நின்ற காட்சி கைத்தொலைபேசிகளில் பரவியது. சில நாட்களில் கண்டி மாவட்டத்தின் திகனவிலும் அயலிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசு அவசரகால நிலையை அறிவித்து, முகநூலையும் வாட்ஸ்அப்பையும் சுமார் ஒரு வாரம் முடக்கியது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளைப் பற்றி இங்குள்ள சிவில் அமைப்புகள் அதற்கு முன்பே அந்த நிறுவனத்துக்கு முறைப்பாடு செய்திருந்தன. சிங்களம் தெரிந்து அவற்றைப் படித்து நீக்கப் போதிய ஆட்கள் அங்கே இருக்கவில்லை. 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது.

ஆள் பற்றாக்குறை இதில் ஒரு பகுதிதான். மறு பகுதி, எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்கில் இருந்தது. 2017 முதல் சில காலம், ஒரு 'லைக்'குக்கு ஒரு புள்ளி என்றால், கோபக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஐந்து புள்ளி என்று முகநூல் தன் பதிவுகளை வரிசைப்படுத்தியது. 2021 இல் கசிந்த உள் ஆவணங்கள் இதைக் காட்டின. திகன எரிந்த மாதத்தில் நடைமுறையில் இருந்த கணக்கு இதுதான். கோபப்படுத்தும் பதிவுக்கு முன்வரிசை. அதை எழுதியவன் யார், அது உண்மையா என்ற கேள்விகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

எல்லாப் பழியையும் கைத்தொலைபேசி மீது போடவும் முடியாது. 2019 மே மாதத்தில், ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்துவிட்டார் என்ற குற்றச்சாட்டை முதற்பக்கத்தில் போட்டது ஒரு சிங்கள நாளிதழ். அச்சில் வந்தது வலையில் பரவியது, வலையில் பரவியதைத் தொலைக்காட்சி மீண்டும் எடுத்துக்கொண்டது. பழைய ஊடகமும் புதிய ஊடகமும் ஒன்றுக்கொன்று தீனி போட்டு வளர்ந்த காலம் அது. 2019 நவம்பரில் கோட்டாபய 52.25 வீதத்துடன், 69 இலட்சம் வாக்குகளோடு வென்றது இந்தக் காற்றில்தான்.

இனி 2022. இரசாயன உரத் தடையால் வயல்கள் விழுந்துவிட்டன, டொலர் தீர்ந்துவிட்டது, மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரத்தைத் தொட்டது. பெற்றோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மைல் கணக்கில் வரிசை. இந்த வரிசைகளின் அரசியல் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம். அதிருப்தி எல்லோருக்கும் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் அது இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியாது. 69 இலட்சம் வாக்கு வாங்கிய ஒருவரை எதிர்த்து முதல் ஆளாகத் தெருவில் இறங்க யாருக்கு மனம் வரும்? வரிசையில் நின்றவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவரின் கோபம் தெரிந்தது. கையிலிருந்த தொலைபேசி, குருணாகல் வரிசையில் நிற்பவருக்கும் அதே கோபம்தான் என்று காட்டியது. நான் தனியாள் இல்லை என்ற அறிவுதான் தெருவில் இறங்கும் துணிச்சலைத் தருகிறது. முன்பு அந்த அறிவைக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் வருடக்கணக்காகக் கூட்டம் போட்டுக் கொடுத்தன. வலைத்தளங்கள் அதைச் சில வாரங்களில் கொடுத்தன.

கொழும்புக்கு அருகே கொஹுவலவில் கையில் மெழுகுவர்த்தியுடன் சிலர் சாலையோரம் நின்றார்கள். அந்தப் படம் பரவ, வேறு சந்திகளிலும் நின்றார்கள். மார்ச் 31 இரவு, ஜனாதிபதியின் மிரிஹான வீட்டுக்குச் செல்லும் தெருவில் கூடியவர்கள் நேரலையில் காட்டக் காட்ட மேலும் பலர் வந்து சேர்ந்தார்கள். பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது, கைது செய்தது. மறுநாள் அவர்களுக்காகப் பணம் வாங்காமல் வாதாட நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் திரண்டார்கள். 'கோ ஹோம் கோட்டா' என்ற முகநூல் பக்கத்தை நடத்திய ஓர் இளைஞரும் கைதானார். ஏப்ரல் 2 மாலை ஊரடங்கு. நள்ளிரவு தாண்டியதும் முகநூல், டுவிட்டர், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் முடங்கின. பாதுகாப்பு அமைச்சு கேட்டுக்கொண்டதாகத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சொன்னது.

அந்தத் தடை ஒரு நாள்கூட நிற்கவில்லை. பாதுகாப்பு அமைச்சுக்கு அப்படி உத்தரவிட அதிகாரமில்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழு சொன்னது. அமைச்சரவையில் இருந்த நாமல் ராஜபக்ஷவே, தடையைச் சுற்றிப் போக உதவும் வி.பி.என். மென்பொருள் இருக்கும்போது இந்தத் தடையால் பயன் இல்லை என்று பகிரங்கமாக எழுதினார். பிற்பகலில் எல்லாம் திரும்பி வந்தன. அன்றிரவே அமைச்சரவை பதவி விலகல் கடிதங்களைக் கொடுத்தது. ஏப்ரல் 9 இல் கொழும்பின் கடற்கரைத் திடலான காலிமுகத்திடலில் கூடாரங்கள் எழுந்து, 'கோட்டாகோகம' ('கோட்டா போ' கிராமம்) என்ற ஊர் பிறந்தது. அங்கே நூலகம் இருந்தது, சமையற்கூடம் இருந்தது, சட்ட உதவி மேசை இருந்தது. தண்ணீர் போத்தல் எத்தனை வேண்டும், எந்த மருந்து தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்புகள் வாட்ஸ்அப் குழுக்களில் போக, சில மணி நேரத்தில் யாரோ முகம் தெரியாத ஒருவர் கொண்டுவந்து இறக்கினார். மே 9 இல் பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையிலிருந்து கிளம்பிய ராஜபக்ஷ ஆதரவாளர்கள் கூடாரங்களை அடித்து நொறுக்கியபோது அந்தக் காட்சியும் நேரலையில் போனது. அன்றே மஹிந்த ராஜபக்ஷ பிரதமர் பதவியை விட்டார்.

கூடுவதற்கும் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதற்கும் ஆகும் செலவை வலைப்பின்னல் ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிட்டது. இது உண்மையான மாற்றம். ஒரு கட்சியின் உறுப்பினராகாமல், ஒரு தலைவரின் பெயரைச் சொல்லாமல், வங்கி ஊழியரும் பல்கலைக்கழக மாணவியும் மீனவரும் பிக்குவும் ஓரிடத்தில் நிற்க முடிந்தது. இலங்கை அரசியலில் இதற்கு முன் இப்படி நடந்ததில்லை.

ஆனால் வடக்கிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியின் நிறம் வேறு. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் சாலையோரக் கொட்டில்களில் தொடர்ந்து அமர்ந்திருந்தார்கள். கோட்டாகோகம எழுந்த நாளில் அந்தப் போராட்டத்துக்கு ஐந்து வயது கடந்துவிட்டது. அவர்களும் கையில் படங்களை ஏந்தித்தான் நின்றார்கள், அவர்களையும் தொலைபேசிகள் படம் பிடித்தன, அவையும் முகநூலில் ஏறின. 2021 பெப்ரவரி 3 இல் கிழக்கின் பொத்துவிலில் கொட்டும் மழையில் சிலர் உரிமை கேட்டு வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். நாளுக்கு நாள் ஆட்கள் சேர, தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து ஐந்தாம் நாள் பொலிகண்டியை அடைந்தபோது அது ஆயிரக்கணக்கானோரின் பேரணியாக இருந்தது. அதையும் திரட்டியதில் வலைத்தளங்களுக்குப் பெரும் பங்குண்டு. தமிழ் முகநூலில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. சிங்கள முகநூலில் அதன் சுவடுகூடத் தெரியவில்லை.

வலையில் எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம் என்பார்கள். நடைமுறையில் நாம் படிக்கும் மொழியில், நமக்குத் தெரிந்தவர்கள் விரும்பியதைத்தான் அந்தக் கணக்கு நம் முன் வைக்கிறது. தொடுதிரையில் எந்தச் சுவரும் தெரிவதில்லை. ஆனாலும் இரண்டு மொழிகளுக்கு நடுவே அது இருக்கிறது. முன்பு பத்திரிகை ஆசிரியர் ஒருவர் மற்ற மொழிக்காரரின் செய்தியைப் போடாமல் விட்டால் அவரைக் கேள்வி கேட்கவாவது முடிந்தது. ஒரு கணக்கு எதைக் காட்டாமல் விட்டது என்று யாரைக் கேட்பது?

காலிமுகத்திடலில் அந்தச் சுவரில் சில விரிசல்கள் விழுந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே தேசிய கீதம் தமிழில் பாடப்பட்டது. மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டு, போரில் இறந்தவர்கள் நினைவுகூரப்பட்டார்கள். தெற்கில், பொதுவெளியில், சிங்கள இளைஞர்கள் நடுவே அது நடந்தது என்பதை நான் சிறியதாக எண்ணமாட்டேன். ஆனால் அதைச் செய்தது திரை இல்லை. ஒரே திடலில் பக்கத்துப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்து, ஒரே பானையில் சாப்பிட்டு, நேருக்கு நேர் வாதாடிய வாரங்கள் அதைச் செய்தன. வலைத்தளம் ஆட்களைத் திடலுக்குக் கொண்டுவந்தது. அறிமுகம் திடலில்தான் நடந்தது.

இப்போது ஜூலை 20 க்குத் திரும்பினால் அந்த 134 வாக்குகளின் காரணம் புரிகிறது. ஜூலை 5 அன்றே போராட்டக்காரர்கள் ஒரு செயற்திட்டத்தை வெளியிட்டிருந்தார்கள்: கோட்டாபய விலக வேண்டும், இடைக்கால அரசு வேண்டும், மக்கள் சபை வேண்டும், சர்வசன வாக்கெடுப்பின் மூலம் புதிய அரசியலமைப்பு வேண்டும். முதற்கோரிக்கை நிறைவேறியது. மற்றவற்றை நிறைவேற்ற வழியே இருக்கவில்லை. மக்கள் சபைக்கு யார் யாரைத் தெரிவுசெய்வது? காலிமுகத்திடலுக்கு வராத வெலிமடை விவசாயியின் சார்பிலும் மன்னார் மீனவரின் சார்பிலும் யார் பேசுவது? தலைவர் இல்லாமை மே மாதத்தில் பலமாக இருந்தது, ஏனென்றால் கைது செய்யத் தலைவர் யாரும் இல்லை. ஜூலையில் அதுவே பலவீனமானது, ஏனென்றால் பேச்சுவார்த்தைக்குப் போகவும் யாரும் இல்லை. அரசியலமைப்பு தெளிவாகச் சொன்னது: ஜனாதிபதி பதவி இடையில் வெற்றிடமானால் பாராளுமன்றம் தெரிவுசெய்யும். அந்தப் பாராளுமன்றம் 2020 இல் ராஜபக்ஷக்கள் வென்ற பாராளுமன்றம். ஜூலை 22 அதிகாலையில் படையினர் காலிமுகத்திடலுக்குள் இறங்கினார்கள்.

முடிவெடுக்கும் இடத்தையும் வலையிலேயே அமைக்க முடியாதா? இந்தக் கேள்விக்கு வேறு இரண்டு நாடுகள் விடை தேடியிருக்கின்றன.

தாய்வானில் 2014 மார்ச் 18 இல், சீனாவுடனான வணிக உடன்பாட்டை எதிர்த்து மாணவர்கள் சட்டமன்றத்துக்குள் புகுந்து, ஏப்ரல் 10 வரை அங்கேயே இருந்தார்கள். அது ஓய்ந்தபின் அரசு, அந்தப் போராட்டத்துக்குத் துணைநின்ற மென்பொருள் தன்னார்வலர்களையே கூப்பிட்டு, மக்கள் கருத்தைக் கேட்க ஒரு வழி அமைத்துத் தரும்படி கேட்டது. 'விதாய்வான்' என்ற அந்த முயற்சியில் 'போலிஸ்' என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள் (காவல்துறையோடு இதற்குத் தொடர்பில்லை). அதில் ஒருவர் ஒரு சிறு கருத்தை எழுதலாம். மற்றவர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம். பதில் எழுத மட்டும் முடியாது. அதனால் வாய்ச்சண்டைக்கு இடமில்லை. யார் யார் ஒரே மாதிரி வாக்களிக்கிறார்கள் என்று பார்த்துக் குழுக்களை அது வரைபடமாகக் காட்டும். எதிரெதிர்க் குழுக்கள் இரண்டும் ஏற்கும் கருத்து எதுவோ அது மேலே வரும். 2015 இல் ஊபர் வாடகைக்கார் பிரச்சினையை இப்படி விவாதித்தார்கள். டாக்சி ஓட்டுநர்களும் ஊபர் ஆதரவாளர்களும் காப்புறுதி, ஓட்டுநர் தகுதி போன்றவற்றில் உடன்படுவது தெரியவந்தது. அவற்றில் பல பின்னர் விதிகளாயின.

முகநூலில் கோபத்துக்கு ஐந்து புள்ளி, இங்கே எதிர்த்தரப்பின் உடன்பாட்டுக்கு முன்வரிசை. இரண்டுமே கணக்குகள்தான், இரண்டையும் மனிதர்கள்தான் எழுதினார்கள். வலைத்தளம் என்றாலே பிளவு என்று சலித்துக்கொள்வோருக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: அது எப்படிக் கட்டப்படுகிறதோ அப்படித்தான் நடந்துகொள்ளும், வேறு மாதிரியும் கட்டலாம். தாய்வானிலும் இது எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. விதாய்வானின் முடிவுகள் அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. அமைச்சர்களின் ஆர்வம் குறைந்த பின் அதன் பயன்பாடும் குறைந்தது.

நேபாளம் இன்னொரு பாதையில் போனது. 2025 செப்டெம்பர் 4 இல் அரசு 26 சமூக வலைத்தளங்களைத் தடைசெய்தது. செப்டெம்பர் 8 இல் தெருவில் இறங்கிய இளைஞர்கள் மீது துப்பாக்கிச் சூடு. அன்று மட்டும் 19 பேர் இறந்தார்கள். மறுநாள் பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது, பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். இடைக்காலப் பிரதமர் யார் என்ற கேள்வியை இளைஞர்கள், இணைய விளையாட்டுக்காரர்கள் பேசிக்கொள்ளப் பிறந்த 'டிஸ்கோர்ட்' தளத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்த குழுவில் விவாதித்தார்கள். முன்னாள் பிரதம நீதியரசர் சுசீலா கார்கியின் பெயர் அங்கே வாக்கெடுப்பில் முன்னுக்கு வந்தது. செப்டெம்பர் 12 இல் அவர் பதவியேற்றார். ஜூலை 2022 இல் கொழும்பில் இல்லாமற்போனது காத்மண்டுவில் இருந்தது, ஒரு பெயர். ஆனால் அந்த வாக்கெடுப்பில் பங்குகொண்டோர் சில ஆயிரம் பேரே. நேபாளத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்று கோடி. இணைப்பு இல்லாத மலைக்கிராமத்துத் தாய்க்கு அந்த அறையில் நாற்காலி இல்லை. வெளிநாட்டில் இருப்பவர், நேபாளியே அல்லாதவர்கூட நுழைய முடிந்தது. நெருக்கடி நேரத்தில் ஒரு பெயரைத் தேர அது உதவியது. அதையே தேர்தலுக்கு மாற்றாக எண்ணுவது ஆபத்து. கார்கி அரசே 2026 மார்ச் 5 இல் தேர்தல் என்று நாள் குறித்ததில் இந்தத் தெளிவு இருந்தது.

இலங்கையில் அந்த இடைவெளியை நிரப்பியது ஒரு பழைய கட்சி. அநுரவின் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி 1965 இல் தோன்றியது. இரண்டு ஆயுதக் கிளர்ச்சிகளையும் அவற்றின் இரத்தத்தையும் கடந்து வந்தது. அதன் தலைமையில் 2019 இல் உருவான தேசிய மக்கள் சக்திக்கு ஊர் ஊராக அறிமுகமான ஆட்கள் இருந்தார்கள். காலிமுகத்திடல் கலைந்த பின்னும் அவர்கள் வீட்டு முற்றங்களில் சிறு கூட்டங்கள் நடத்தினார்கள், அநுர வெளிநாடுகளுக்குப் போய்ப் புலம்பெயர்ந்தோரைச் சந்தித்தார், அந்தப் பேச்சுகளின் துண்டுக் காணொளிகள் ஒவ்வொரு தொலைபேசிக்கும் போயின. வலைத்தளம் எழுப்பிய கோபத்தை வாக்காக மாற்ற, வாக்குச் சாவடி வரை அழைத்துச் செல்லும் அமைப்பு தேவைப்பட்டது. அது அவர்களிடம் இருந்தது. 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் 225 இல் 159 ஆசனங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றும் அவர்களுக்கே போனது, தமிழ்க் கட்சிகள் கனவிலும் எதிர்பார்க்காத ஒன்று.

அதே யாழ்ப்பாணத் தேர்தல் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்குப் பொறுப்பாக வந்த வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனா, 2024 ஜூலையில் அங்கே நடப்பதாகத் தாம் கருதிய முறைகேடுகளை முகநூல் நேரலையில் பேசத் தொடங்கினார். மக்கள் வைத்தியசாலை வாசலில் திரண்டார்கள், கடைகள் மூடப்பட்டன. நான்கு மாதத்தில், சுயேச்சைக் குழுவில் நின்று அவர் பாராளுமன்ற உறுப்பினரானார். கட்சி இல்லை, கிளை இல்லை. அவருடைய குற்றச்சாட்டுகளின் சரி பிழை வேறு விடயம். பொது வைத்தியசாலையில் தமக்கு நேர்வதைக் கேட்க ஆளில்லை என்று எவ்வளவு பேர் எத்தனை காலம் மனதுக்குள் வைத்திருந்தார்கள் என்பதை அந்த நேரலைகள் காட்டின. தமிழ்க் கட்சிகள் அதைக் கேட்கத் தவறின. எனக்கு இதில் உள்ள கவலை, நேரலை மக்களை ஒரு விடயத்தோடு இணைப்பதைவிட ஒரு மனிதரோடு இணைத்துவிடுகிறது என்பதுதான். சாவகச்சேரி வாசலில் நின்றவர்கள் ஒரு நோயாளர் நலச் சங்கமாக மாறியிருந்தால், அடுத்த பொறுப்பதிகாரியையும் அவர்களால் கேள்வி கேட்க முடியும்.

அரசுகள் இதையெல்லாம் பார்த்து எடுத்த பாடம் வேறு. 2024 ஜனவரி 24 இல் 108 க்கு 62 வாக்குகளால் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. எது பொய்யான கூற்று, எதை நீக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு, ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவின் கையில். திகனவில் எரிந்த கடைகளைக் காட்டித்தான் இப்படிப்பட்ட சட்டத்துக்கு ஆதரவு கேட்கிறார்கள். திகனவுக்கு மருந்து, தமிழும் சிங்களமும் படிக்கத் தெரிந்த போதிய கண்காணிப்பாளர்களும், வெறுப்புக்கு முன்வரிசை தராத கணக்கும், இருக்கிற சட்டத்தின்படி வன்முறையைத் தூண்டியவரைக் கைது செய்யும் பொலிஸும்தான். மூன்றுக்கும் இந்த ஆணைக்குழு தேவையில்லை.

வலையில் பேச்சு இவ்வளவு பெருகிய அதே ஆண்டுகளில் வாக்குச் சீட்டு சுருங்கியதும் நடந்தது. 2023 மார்ச் 9 இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், பணம் இல்லை என்று தள்ளிவைக்கப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தபோது 2025 மே 6 ஆகிவிட்டது. மாகாண சபைகளின் நிலை இன்னும் மோசம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இல் முடிந்தது. வட மாகாண சபைக்குக் கடைசியாக 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது, அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் ஆளுநரும் அதிகாரிகளும்தான். பாடசாலைக்கு ஆசிரியர் இல்லை, வைத்தியசாலையில் மருந்து இல்லை, குளத்துக்குக் கரை கட்டவில்லை என்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நாள்தோறும் முகநூலில் காணொளிகள் ஏறுகின்றன. கல்வியும் சுகாதாரமும் நீர்ப்பாசனமும் பெரும்பாலும் மாகாண சபைக்குரிய விடயங்கள். அந்தக் காணொளிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட, அடுத்த தேர்தலில் தோற்கடிக்கக்கூடிய ஒரு மாகாண சபை உறுப்பினர்கூட இத்தனை ஆண்டுகளாக அங்கே இல்லை.